மார்கழிக் குளிருக்குத் தானியக் காய்கறிக் கஞ்சி: முளைகட்டும் முன் வானத்தைப் பாருங்கள்

மார்கழி பிறந்துவிட்டால் காஞ்சிபுரத்துக்கு விடிகாலையிலேயே ஒரு தனி மணம் வந்துவிடும். கோயில்களில் மிளகும் சீரகமும் தாளித்த வெண்பொங்கல். வாசல் கோலத்தின் நடுவே சாண உருண்டையில் செருகிய பூசணிப்பூ. ஊரைத் தாண்டினால் ஏரி வயல்களில் பனி இறங்கி நிற்கும். அந்தப் பனியிலேயே நவரைப் பருவத்துக்கு நாற்றங்கால் விட ஒருவர் மண்வெட்டியோடு போய்க்கொண்டிருப்பார். வயலில் இறங்கும் முன் அவர் வயிற்றுக்குள் போனது என்ன என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு டம்ளர் டீ.

மாலையில் குளிர் ஏறியதும் வீட்டுப் பிள்ளைகள் சூடாக ஏதாவது கேட்பார்கள். கடையில் பாக்கெட் சூப் வாங்கி, வெந்நீரில் கரைத்துக் கொடுக்கிறோம். அதில் பெரும்பகுதி சோள மாவும் உப்பும்தான். காய் என்று இருப்பது உலர்ந்த சில துணுக்குகள். அதே நேரம் நம் வீட்டு மூட்டையில் கேழ்வரகும், பந்தலில் அவரையும், கூரை மேல் பரங்கியும், மடக்கில் நிலக்கடலையும் இருக்கும். விளைந்ததை விற்றுவிட்டு, அதைவிடச் சத்துக் குறைந்த ஒன்றை விலை கொடுத்து வாங்குகிறோம்.

இந்த வாரம் அந்தப் பாக்கெட்டுக்குப் பதிலாக ஒரு பானைக் கஞ்சி வைப்பது எப்படி என்று பார்ப்போம். அதற்கு வேண்டிய பொருள்களை நம் நிலத்திலேயே எப்படி எடுப்பது, எங்கே கவனம் தவறினால் நஷ்டம் வரும் என்பதையும் சொல்கிறேன். அந்த நஷ்டத்தை நான் ஒருமுறை நேரில் உண்டாக்கியிருக்கிறேன்.

முன்னோர் சமையலில் இருந்த கணக்கு

தானியம், பயறு, காய் மூன்றையும் குளிர்காலத்தில் சேர்த்துச் சமைப்பது நமக்குப் புதிதல்ல. மார்கழித் திருவாதிரையன்று களியோடு வைக்கும் ஏழுகறிக் கூட்டை நினைத்துப் பாருங்கள். அவரை, மொச்சை, பரங்கி, பூசணி, சர்க்கரைவள்ளி, சேப்பங்கிழங்கு, வாழைக்காய் என்று அந்தப் பருவத்தில் கிடைக்கும் எல்லாம் ஒரே பாத்திரத்தில் வேகும். வரதராஜப் பெருமாள் கோயிலோடு சேர்ந்து பெயர் பெற்ற காஞ்சிபுரம் இட்லியிலும் அரிசி, உளுந்தோடு மிளகு, சீரகம், சுக்கு இருக்கின்றன. வெண்பொங்கலும் அதே கணக்குத்தான்.

அரிசி, சிறுதானியம் போன்ற தானியங்களின் புரதத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. பயறு வகைகளில் அது நிறைய உண்டு. பயறில் குறைவாக உள்ள மெத்தியோனின் தானியத்தில் இருக்கிறது. இரண்டும் ஒரே வேளையில் வயிற்றுக்குள் போனால் ஒன்றின் குறையை மற்றொன்று ஈடு செய்கிறது. ஆய்வுக்கூடத்தில் நாங்கள் இதைப் படித்துத் தெரிந்துகொண்டோம். அடுப்படியில் இது முன்பே நடைமுறையில் இருந்தது.

அவரையும் மொச்சையும் ஏன் மார்கழிக் காய்களாக இருக்கின்றன என்பதற்கும் காரணம் உண்டு. நாட்டுப் பந்தல் அவரையை ஆடியில் விதைத்தாலும், பகல் நேரம் குறையும்போதுதான் அது பூக்கும். அதனால் ஐப்பசி, கார்த்திகையில் பூத்து மார்கழி, தையில் காய்த்துக் கொட்டும். குளிருக்கு வேண்டிய காயைக் குளிர்காலமே கொண்டுவந்து கொடுக்கிறது.

கேழ்வரகு ஏன்?

100 கிராம் கேழ்வரகில் சுமார் 340 மில்லி கிராம் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. தீட்டிய வெள்ளை அரிசியில் அது 10 மில்லி கிராம் அளவுதான். கம்பில் புரதமும் இரும்புச் சத்தும் அரிசியைவிட அதிகம். சாமை, தினை, வரகு, குதிரைவாலி ஆகியவற்றில் நார்ச்சத்து கூடுதல்.

இன்னொரு வசதியும் இருக்கிறது. சாமை, வரகு போன்றவற்றுக்கு மேல் உமி உண்டு. அதை நீக்க இயந்திரம் வேண்டும். கேழ்வரகுக்கும் கம்புக்கும் அந்தத் தொல்லை இல்லை. சுத்தம் செய்து நேராக மாவு மில்லுக்குக் கொண்டு போகலாம். எனவே வீட்டுத் தேவைக்குப் புதிதாகச் சிறுதானியம் பயிரிட நினைப்பவர்கள் கேழ்வரகிலிருந்து தொடங்குவது எளிது. சாமை வேண்டுமென்றால் பக்கத்துத் திருவண்ணாமலை மாவட்டத்து ஜவ்வாது மலையில் விளைவது கிடைக்கும். வாங்கும்போது பளிச்சென்று வெளுத்ததை விட்டு, லேசான பழுப்பு நிறம் உள்ளதாகப் பார்த்து எடுங்கள். அதிகம் தீட்டாத தானியம் அதுதான்.

2023ஆம் ஆண்டு சர்வதேசச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடப்பட்டது. மேடைகளும் கண்காட்சிகளும் நிறைய நடந்தன. அந்த ஆண்டு முடிந்த பிறகு நம் வீட்டு அடுப்பில் சிறுதானியம் எத்தனை நாள் ஏறியது என்பதுதான் கேள்வி.

ஐந்து பேருக்குக் கஞ்சி

தேவையான பொருள்கள்:

சாமை அல்லது குதிரைவாலி - 100 கிராம் (இல்லாவிட்டால் அரிசி நொய்)
கேழ்வரகு மாவு - 50 கிராம்
பச்சைப் பயறு - 50 கிராம்
வறுத்துத் தோல் நீக்கிய நிலக்கடலை - 30 கிராம், ஒரு கைப்பிடி
காய்கள் - 400 கிராம் (அவரை, பரங்கி, முள்ளங்கி, மொச்சை, சர்க்கரைவள்ளி எது இருக்கிறதோ அது)
முருங்கைக் கீரை - இரண்டு கைப்பிடி
சின்ன வெங்காயம் 10, பூண்டு 8 பல்
மிளகு, சீரகம் - தலா ஒரு தேக்கரண்டி
சுக்குத் தூள் - இரண்டு சிட்டிகை
நல்லெண்ணெய் - இரண்டு தேக்கரண்டி
எலுமிச்சம் பழம் - ஒன்று
உப்பு - தேவைக்கு
தண்ணீர் - 2 லிட்டர்

செய்முறை:

பச்சைப் பயறை முதல் நாள் இரவே ஊற வையுங்கள். சாமை அரை மணி நேரம் ஊறினால் போதும். பானையில் ஒன்றே முக்கால் லிட்டர் தண்ணீர் கொதித்ததும் ஊறிய பயறைப் போடுங்கள். அது பாதி வெந்ததும் சாமையையும், முள்ளங்கி, மொச்சை, சர்க்கரைவள்ளி போன்ற கெட்டிக் காய்களையும் சேருங்கள். பத்து நிமிடம் கழித்துப் பரங்கி, அவரை.

மீதிக் கால் லிட்டர் தண்ணீரில் கேழ்வரகு மாவைக் கட்டியில்லாமல் கரைத்து வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தண்ணீர் பச்சைத் தண்ணீராகவே இருக்க வேண்டும். மாவை நேராகக் கொதிநீரில் போட்டால், கட்டியின் மேல் பக்கம் உடனே வெந்து பசை போலாகிவிடும். உள்ளே இருக்கும் மாவுக்குத் தண்ணீர் போகாது. கட்டி தட்டுவதற்குக் காரணம் அதுதான். கரைத்த மாவை ஊற்றி, கைவிடாமல் கிளறி, பத்து நிமிடம் வேக விடுங்கள். நிலக்கடலையை ஒன்றிரண்டாகப் பொடித்துப் போடுங்கள். கஞ்சிக்கு ஒரு கொழுப்பும் மணமும் வரும்.

உப்புச் சேர்த்து, இறக்குவதற்கு மூன்று நிமிடம் முன்பு கீரையைப் போடுங்கள். நல்லெண்ணெயில் வெங்காயம், பூண்டு வதக்கி, பொடித்த மிளகு, சீரகம், சுக்கு சேர்த்துத் தாளித்துக் கொட்டுங்கள். எலுமிச்சைச் சாற்றைப் பானையில் ஊற்ற வேண்டாம். கிண்ணத்தில் ஊற்றிக் கொஞ்சம் ஆறிய பிறகு அவரவர் பிழிந்துகொள்ளட்டும். கொதிக்கிற சூட்டில் வைட்டமின் சி அழியும். கீரையிலும் தானியத்திலும் உள்ள இரும்புச் சத்தை உடல் எடுத்துக்கொள்ள அந்த வைட்டமின் உதவுகிறது. கஞ்சி குடித்த கையோடு டீ குடித்தால் இந்தப் பலன் குறையும். இரண்டுக்கும் நடுவே ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.

இந்த அளவில் ஒருவருக்கு 200 கலோரிக்குச் சற்று மேலும், சுமார் 8 கிராம் புரதமும் கிடைக்கும். வயலில் இறங்குபவருக்கு இதுவே முழுச் சாப்பாடு ஆகாது. ஆனால் வெறும் டீயோடு போவதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் பத்து மணிக்கு வரப்பில் நிற்கும்போது தெரியும்.

செலவையும் பார்த்துவிடுவோம். 2025-26 பருவத்துக்குக் கேழ்வரகுக்கு மத்திய அரசு அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 4,886 ரூபாய். கிலோ 50 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும், இந்தப் பானைக்குப் போகும் கேழ்வரகின் மதிப்பு இரண்டரை ரூபாய்தான். காய், கீரை வீட்டுப் பந்தலில் இருந்தால் கையை விட்டுப் போகும் காசு மிகக் குறைவு.

20 கிலோ கேழ்வரகும் நான் கற்ற பாடமும்

இனி அந்த நஷ்டக் கதை.

சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு கார்த்திகை மாதம். வாலாஜாபாத் பக்கத்தில் ஒரு கிராமத்து மகளிர் குழுவுக்குச் சத்துமாவு தயாரிக்கப் பயிற்சி கொடுக்கப் போயிருந்தேன். முளைகட்டிய கேழ்வரகின் நன்மைகளை விரிவாகச் சொன்னேன். 12 மணி நேரம் ஊற வைக்க வேண்டும், துணியில் கட்ட வேண்டும், முளை வந்ததும் காய வைக்க வேண்டும் என்று வரிசையாக எழுதியும் கொடுத்தேன். அவர்கள் ஆளுக்குக் கொஞ்சமாகப் போட்டு 20 கிலோ கேழ்வரகை ஊற வைத்தார்கள். மாவாக்கிக் காஞ்சிபுரத்தில் நெசவாளர் தெருக்களில் விற்பது என்று திட்டம். மழைக்காலத்தில் தெருவில் பாவு ஓட்ட முடியாமல் தறி வேலையும் மந்தமாக இருக்கும். விலை குறைந்த சத்தான மாவு என்றால் அங்கே வாங்குவார்கள் என்று நினைத்தோம்.

முளை அழகாக வந்தது. மறுநாள் மழை பிடித்துக்கொண்டது. நான்கு நாள் விடவில்லை. வீட்டுக்குள் பாய் விரித்து, மின்விசிறிக் காற்றில் உலர்த்திப் பார்த்தார்கள். மூன்றாம் நாள் ஒரு மக்கல் வாசனை. அங்கங்கே பச்சையும் வெள்ளையுமாகப் பூஞ்சாணம்.

என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். "வறுத்துட்டாப் போயிடாதா சார்?" என்று குழுத் தலைவி கேட்டார். அவர் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்வது கஷ்டமாக இருந்தது. போகாது என்றேன். வறுத்தால் பூஞ்சாணம் சாகலாம். அது உண்டாக்கி வைத்த நச்சு சாகாது. அஃப்லாடாக்சின் போன்ற நச்சுகள் அடுப்புச் சூட்டைத் தாங்கி நிற்பவை. கழுவினாலும் கொதிக்க வைத்தாலும் முழுதாகப் போகாது. சிறிது சிறிதாக உடம்பில் சேர்ந்து கல்லீரலைக் கெடுக்கும். "அப்போ மாட்டுக்காவது வெச்சிடலாமா?" என்று இன்னொருவர் கேட்டார். அதுவும் கூடாது. மாடு தின்றால் நச்சின் ஒரு பகுதி பாலில் இறங்கும். அந்தப் பால் திரும்பப் பிள்ளைகளுக்கே வரும்.

20 கிலோவையும் எருக்குழியில் கொட்டி மண் போட்டு மூடினோம். யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. திண்ணையில் உட்கார்ந்திருந்த ஒரு வயதான அம்மா மட்டும் சொன்னார்: "எங்க மாமியா ஆவணியிலயே முளைகட்டிக் காயவெச்சு எடுத்து வெச்சிடுவாங்க. மழையில யாராச்சும் முளைகட்டுவாங்களா தம்பி?"

அவர் பயிற்சி நடந்த அன்றும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார். நான் பேசினேன். அவரிடம் எதுவும் கேட்கவில்லை. அடுத்த வாரம் என் செலவில் 20 கிலோ கேழ்வரகு வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அது நான் கட்டிய படிப்புக் கட்டணம்.

முளைகட்டச் சரியான காலம்

அந்த அம்மா சொன்னதைத்தான் இப்போது நான் எல்லா இடத்திலும் சொல்கிறேன். மழைக்கும் குளிருக்கும் வேண்டிய முளைத்தானியத்தை ஆவணி, புரட்டாசி வெயிலிலேயே செய்து முடித்துவிடுங்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன் தானியம் டப்பாவுக்குள் போய்விட வேண்டும்.

கேழ்வரகைக் கல், மண் நீக்கிக் கழுவி, இரவு முழுவதும் ஊற வையுங்கள். நடுவில் ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள். வடித்து, ஈரமான பருத்தித் துணியில் தளர்வாகக் கட்டித் தொங்க விடுங்கள். ஒன்று முதல் இரண்டு நாளில் முளை தெரியும். தானியத்தின் நீளத்துக்கு வந்தால் போதும். மேலும் வளர விட்டால் சத்தை முளையே தின்றுவிடும். மெல்லிசாகப் பரப்பி நல்ல வெயிலில் இரண்டு நாள் காய வையுங்கள். இரவில் வெளியே விட வேண்டாம். பனி இறங்கும். பல்லில் வைத்துக் கடித்தால் டக்கென்று உடைய வேண்டும். நசுங்கினால் இன்னும் காயவில்லை என்று பொருள்.

காய்ந்ததை உள்ளங்கையால் தேய்த்து முளையையும் வேரையும் உதிர்த்து, புடைத்து, லேசாக வறுத்து, காற்றுப் புகாத டப்பாவில் முழுத் தானியமாகவே வையுங்கள். மாவாக்கி வைக்க வேண்டாம். மாதம் ஒருமுறை தேவைக்கு மட்டும் அரைத்தால் தை வரை நன்றாக இருக்கும். கஞ்சியைத் தளர்த்துவதற்கென்று ஒரு சிறு பங்கை மட்டும் வறுக்காமல் தனியே வையுங்கள். அதற்குக் காரணம் கீழே வருகிறது.

கம்புக்கு இந்த எச்சரிக்கை இன்னும் அதிகம். அதில் எண்ணெய்ச் சத்து கூடுதல் என்பதால் அரைத்த சில நாள்களிலேயே மாவு கசக்கத் தொடங்கும். கம்பை வாரத்துக்கு வேண்டியதாக மட்டும் அரையுங்கள்.

இப்போது மார்கழியில் முளைத்தானியம் வேண்டும் என்றால் என்ன செய்வது? நாளைக்கு வேண்டிய 50 கிராமை மட்டும் முளைகட்டுங்கள். காய வைக்கவே வேண்டாம். ஈரமாகவே அரைத்து, பால் போல வடிகட்டி, அன்றைக்கே கஞ்சியில் ஊற்றிக் காய்ச்சிவிடுங்கள். குளிரில் முளை வர ஒரு நாள் கூடுதலாக ஆகும். வாடை மாறினால் தயங்காமல் கொட்டிவிடுங்கள். நிலக்கடலையிலும் சுருங்கியது, நிறம் மாறியது, கசப்பது எதுவும் பானைக்குள் போகக் கூடாது.

முளைகட்டுவதால் என்ன பயன்?

தானியத்தில் ஃபைட்டிக் அமிலம் என்று ஒன்று இருக்கிறது. இரும்பையும் துத்தநாகத்தையும் அது பிடித்து வைத்துக்கொண்டு உடலுக்குக் கொடுக்காது. ஊற வைத்து முளைகட்டும்போது அந்த அமிலம் குறைகிறது.

இரண்டாவது பயன் பலருக்குத் தெரியாது. முளைக்கும்போது தானியத்தில் அமைலேஸ் என்ற நொதி உண்டாகிறது. மாவுச் சத்தை உடைப்பது அதன் வேலை. கெட்டியான கேழ்வரகுக் கஞ்சியை அடுப்பிலிருந்து இறக்கி, கொதி அடங்கிய சூட்டில், வறுக்காமல் வைத்த முளைத்தானிய மாவு ஒரு தேக்கரண்டி போட்டுக் கிளறிப் பாருங்கள். சில நிமிடங்களில் கஞ்சி இளகி ஊற்றுகிற பதத்துக்கு வந்துவிடும். பிறகு மறுபடி ஒரு கொதி விட்டு இறக்குங்கள். கொதிக்கும்போதே போட்டாலும், முன்பே நன்றாக வறுத்த மாவைப் போட்டாலும் நொதி வேலை செய்யாது.

இது யாருக்குப் பயன்படும்? சின்னக் குழந்தையும் பல் போன முதியவரும் கெட்டிக் கஞ்சியை விழுங்க மாட்டார்கள். அதற்காக நாம் தண்ணீரைக் கூட்டுகிறோம். வயிறு தண்ணீரால் நிறைகிறது, சத்து குறைகிறது. நொதியால் இளகிய கஞ்சியில் அதே அளவு தானியம் இருக்கும், விழுங்கவும் எளிது. குழந்தைக்குக் கொடுக்கும்போது மிளகைத் தவிர்த்து, நிலக்கடலையை நைசாக அரைத்துச் சேருங்கள்.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு

"சிறுதானியம்தானே, எவ்வளவு வேண்டுமானாலும் குடிக்கலாம்" என்ற எண்ணம் பரவியிருக்கிறது. அது சரியல்ல. எந்தத் தானியமானாலும் நைசாக அரைத்து, குழையக் காய்ச்சி, கூழாகக் குடித்தால் சர்க்கரை வேகமாக ஏறும். முளைகட்டிய மாவில் மாவுச் சத்து ஏற்கெனவே உடைந்து இருப்பதால் இன்னும் வேகமாக ஏறும்.

நாள் முழுவதும் குழித்தறியில் உட்கார்ந்து நெய்பவர்களுக்கும், நடமாட்டம் குறைந்த முதியவர்களுக்கும் இது முக்கியம். அவர்களுக்குக் கேழ்வரகை மாவாக இல்லாமல் குருணையாக உடைத்துப் போடுங்கள். சாமையைக் குழைய விடாமல் பருக்கையாக எடுங்கள். தானியத்தின் அளவைக் குறைத்து, பயறையும் காயையும் கூட்டுங்கள். சர்க்கரைவள்ளியைத் தவிர்த்து அவரையைச் சேருங்கள். இந்தக் கஞ்சி நல்ல உணவு. மருந்து அல்ல. மருத்துவர் சொன்ன மாத்திரையை இதற்காக நிறுத்தக் கூடாது.

வீட்டுத் தேவைக்கு 5 சென்ட் கேழ்வரகு

இந்தக் கஞ்சியைத் தினமும் வைத்தாலும் ஆண்டுக்குச் சுமார் 18 கிலோ கேழ்வரகு போதும். இறவையில் ஏக்கருக்கு 10 குவிண்டால் என்று கணக்கிட்டாலும், 5 சென்ட்டில் 50 கிலோ எடுக்கலாம். களி, அடை எல்லாவற்றுக்கும் சேர்த்துக் குடும்பத்துக்குப் போதும். நவரை நெல்லுக்கு ஏரித் தண்ணீர் போதுமா என்று சந்தேகம் உள்ள வயலில், ஒரு மூலையைக் கேழ்வரகுக்கு ஒதுக்கிப் பாருங்கள். நெல்லைவிட மிகக் குறைந்த தண்ணீரில் அது விளையும்.

மார்கழிப் பட்டம், அதாவது டிசம்பர் - ஜனவரி, இறவைக் கேழ்வரகுக்கு ஏற்ற பருவம். இப்போதே தொடங்கலாம். கோ (ரா) 14, கோ 15 போன்ற ரகங்கள் உள்ளன. கோ 14 சுமார் 105 முதல் 110 நாளிலும், கோ 15 அதைவிட இரண்டு வாரம் தாமதமாகவும் அறுவடைக்கு வரும்.

5 சென்ட்டுக்கு 100 கிராம் விதை போதும். குலைநோயைத் தடுக்க, கிலோவுக்கு 10 கிராம் என்ற கணக்கில் சூடோமோனாஸ் கலந்து விதை நேர்த்தி செய்யுங்கள். நாற்றங்காலுக்குக் கால் சென்ட் இடம் போதும். 17 முதல் 20 நாள் வயதான நாற்றைக் குத்துக்கு இரண்டாக, அரை அடி இடைவெளியில் நடுங்கள். மட்கிய தொழுவுரம் 250 கிலோ அடியில் போடுங்கள். ரசாயன உரம் இடுபவர்களுக்கு, 5 சென்ட்டுக்கு யூரியா 2.6 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 3.75 கிலோ, பொட்டாஷ் 1 கிலோ போதுமானது. யூரியாவில் பாதியை அடியுரமாகவும், மீதியைக் களை எடுத்த பிறகு மேலுரமாகவும் கொடுங்கள். பூக்கும் சமயத்திலும் மணி பிடிக்கும் சமயத்திலும் தண்ணீர் தட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது விட்ட நாற்று சித்திரையில் அறுவடைக்கு வரும். வெயிலில் காய்ந்து குதிருக்குள் போகும். ஆவணியில் முளைகட்டலாம். அடுத்த மார்கழிக்குக் கஞ்சி. இந்தச் சுற்று ஒருமுறை ஓடிவிட்டால் பிறகு தானாக ஓடும்.

வரப்பில் முருங்கை ஒன்று, ஆடியில் பந்தல் அவரை இரண்டு குழி, பரங்கி இரண்டு குழி. அடைமழைக்குப் பின் முருங்கையில் கம்பளிப்பூச்சி ஏறியிருந்தால் அந்தச் சமயத்தில் வேலியில் தழைத்திருக்கும் தூதுவளையையோ முடக்கத்தானையோ கொஞ்சமாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

களப்பணியாளர்களுக்கு ஒரு வார்த்தை

வேளாண் துறையிலும் தொண்டு நிறுவனங்களிலும் களத்தில் வேலை செய்யும் நண்பர்களே, சத்துமாவுப் பயிற்சி வைக்கும் முன் மூன்று விஷயங்களைப் பாருங்கள். அடுத்த ஒரு வாரத்துக்கு வானிலை அறிவிப்பு என்ன? அந்த ஊரில் தானியத்தை உலர்த்தத் தளமோ மொட்டை மாடியோ இருக்கிறதா? அங்கே யார் வீட்டில் இன்னும் கேழ்வரகு புழக்கத்தில் இருக்கிறது? மூன்றாவது கேள்விக்குப் பதில் சொல்லும் வீட்டுக்கு முதலில் போங்கள். போய் உட்கார்ந்து கேளுங்கள். உங்கள் கையேட்டில் இல்லாத ஒன்று அங்கே இருக்கும்.

படக்காட்சியைவிட ஒரு பானைக் கஞ்சி அதிகம் சொல்லும். கூட்டம் முடிந்ததும் அங்கேயே காய்ச்சி ஊற்றுங்கள். குடித்துப் பார்த்தவர்கள்தான் விதை கேட்பார்கள். விதைக்கும் ரக விவரங்களுக்கும் திருவண்ணாமலை மாவட்டம் அத்தியந்தலில் உள்ள சிறுதானிய மகத்துவ மையத்தையும், அருகில் உள்ள காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையத்தையும், உங்கள் வட்டார வேளாண் விரிவாக்க மையத்தையும் அணுகலாம்.

அந்த வாலாஜாபாத் பக்கத்துக் குழு இப்போது ஆண்டுக்கு ஒருமுறைதான் முளைகட்டுகிறது, ஆவணியில். தேதி குறிப்பது நான் அல்ல. திண்ணையில் உட்கார்ந்திருந்த அந்த அம்மாதான். போன மார்கழியில் போனபோது எனக்கும் ஒரு கிண்ணம் ஊற்றிக் கொடுத்தார்கள். பரங்கியும் மொச்சையும் போட்டு, மிளகு கொஞ்சம் தூக்கலாக இருந்தது. குடித்து முடிக்கும் வரை அந்த அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நன்றாக இருக்கிறது என்றேன். "இந்த வாட்டி மக்கல் வாடை இல்லையே தம்பி?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார்.

- கட்டுரையாளர் உழவியல் துறை வேளாண் விஞ்ஞானி